பன்றியைப் பார்க்காத சிறுமியும் டாக்டர் மேஜைக்கு வந்த காகிதமும்

வயது ஒன்பது. ஊர், கலிபோர்னியாவின் தென்கோடியில் மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் இம்பீரியல் மாவட்டம். 2009 மார்ச் 28 அன்று இருமலும் காய்ச்சலும் ஆரம்பித்தன. காய்ச்சல் 104.3 டிகிரி. கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். மூக்குக்குள் நீளக் குச்சியை விட்டுச் சளி எடுத்தார்கள். ஆன்டிபயாடிக்கும் அலர்ஜி மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறுமி தேறிவிட்டாள்.

எந்த ஊர்க் கிளினிக்கிலும் தினம் நடக்கிற சங்கதிதான். ஆனால் இந்தச் சிறுமியைப் பற்றி, அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2009 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட அறிக்கையில் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது. எப்போது படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். காய்ச்சல் வருவதற்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்னால் அவள் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தாள். அங்கே பன்றிகளையும் வைத்திருந்தார்கள். ஆனால், தான் பன்றி எதையும் பார்க்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள்! சுகாதாரத் துறையிலிருந்து யாரோ ஒருவர் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, குணமாகிவிட்ட ஒரு குழந்தை ஒரு மாதத்துக்கு முன்னால் எங்கெங்கே போனாள், என்னென்ன பார்த்தாள் என்று பொறுமையாக விசாரித்திருக்கிறார். அவள் பார்க்காததையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு ‘இல்லை’யில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அவள் சளியில் இருந்தது பன்றிக் காய்ச்சல் கிருமி. பன்றியிடமிருந்து வரவேண்டிய கிருமி, பன்றியையே பார்க்காத குழந்தையின் மூக்கில் இருக்கிறதென்றால், நடுவில் வேறு யாரோ ஒரு மனிதர் இருந்திருக்க வேண்டும். அதாவது, கிருமி ஆளுக்கு ஆள் தாவ ஆரம்பித்திருக்க வேண்டும்.

பெருந்தொற்றுக் கோடை ஒன்றில் குடும்ப டாக்டர்களின் மேஜைக்கு நாள்தோறும் வந்து குவிந்த சுகாதாரச் செய்திகள் எங்கே சமைந்தன என்று பின்கட்டு வழியாகப் போய் எட்டிப் பார்க்கப் போகிறோம். 2009-ஐ நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தக் கோடையில் ஏறக்குறைய ஒவ்வொரு அடியும் தேதியோடு பதிவாகியிருக்கிறது. வாருங்கள்!

முதலில் அந்தக் குச்சியைப் பின்தொடர்வோம். அந்தக் கிளினிக் ஒரு ஃப்ளூ கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. அதனால்தான் குச்சியே எடுத்தார்கள், இல்லாவிட்டால் மருந்தோடு கதை முடிந்திருக்கும். சளி மாதிரி சான் டியாகோவில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் சுகாதார ஆய்வு மையத்துக்குப் போனது. இது ‘ஏ’ வகை ஃப்ளூ என்பது தெரிந்தது. ஆனால் எந்த உட்பிரிவிலும் அடங்கவில்லை. அங்கிருந்து அட்லாண்டாவில் இருக்கும் சி.டி.சி.க்கு அனுப்பினார்கள்.

இதே சமயத்தில் சான் டியாகோ மாவட்டத்தில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு மார்ச் 30 அன்று காய்ச்சல், இருமல், வாந்தி. அவன் போன கிளினிக்கில் ஒரு புதிய பரிசோதனைக் கருவியை வைத்து ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கருவி ‘ஏ’ வகை ஃப்ளூ என்றது. வழக்கமான எச்1என்1-ஆ? இல்லை. எச்3என்2-ஆ? இல்லை. பறவைக் காய்ச்சல் எச்5என்1-ஆ? அதுவும் இல்லை. விதிப்படி அந்த மாதிரியும் மேல்நிலை லேப்களைத் தாண்டி அட்லாண்டாவுக்கே வந்து சேர்ந்தது. இரண்டு குழந்தைகளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஏப்ரல் மத்தியில், சில நாள் இடைவெளியில், ஒரே லேபில் இரண்டு மாதிரிகளும் ஒரே முகத்தைக் காட்டின. அதுவரை எங்கும் பதிவாகாத மரபணுச் சேர்க்கை!

இது தற்செயல் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பறவைக் காய்ச்சல் பயம் உலகத்தைப் பிடித்து ஆட்டியதையடுத்து, மனிதரிடம் புதுவகை ‘ஏ’ ஃப்ளூ தென்பட்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் 2007-லேயே அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் முன்னால் யாரோ போராடி எழுதிவைத்த ஒரு விதி, இரண்டு சளி மாதிரிகளைக் குப்பைக் கூடைக்குப் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் பார்க்காத நேரத்தில் செய்த வேலைதான் நெருக்கடி நேரத்தில் கைகொடுக்கும்.

அடுத்து அந்த ஏப்ரல் 21 அறிக்கை. சி.டி.சி. வாராவாரம் வெளியிடும் எம்.எம்.டபிள்யூ.ஆர். என்ற இதழ் டாக்டர்கள் உலகில் பெரிய பெயர். 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோத நிமோனியாவைப் பற்றி இதில்தான் எழுதினார்கள். எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் அறிக்கை அது. அப்படிப்பட்ட இதழ், வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட தன் இதழுக்காகக் காத்திருக்காமல், செவ்வாய்க்கிழமையே இரண்டே இரண்டு குழந்தைகளின் கதையை இணையத்தில் ஏற்றிவிட்டது. இருவருக்கும் உடம்பு தேறிவிட்டது. யாரும் சாகவில்லை. ஆனாலும் அவசரம்!

அந்த அறிக்கையில் டாக்டர்களுக்குச் சொன்னதைப் பாருங்கள். இந்த இரண்டு மாவட்டங்களில் இருப்பவர்களோ, அங்கே போய் வந்தவர்களோ காய்ச்சலும் மூச்சுப்பாதைக் கோளாறுமாக வந்தால் இந்தக் கிருமியையும் மனத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தால் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸைக் காக்கும் திரவத்தில் போட்டு, உங்கள் சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். பழைய ஃப்ளூ மருந்துகளான அமான்டடினுக்கும் ரிமான்டடினுக்கும் இந்தக் கிருமி அசைந்து கொடுக்காது. முடிந்தது. நாளைக் காலை ஓ.பி.யில் முதல் நோயாளி வந்து உட்கார்ந்தால் டாக்டர் என்ன வித்தியாசமாகச் செய்ய வேண்டும் என்பதற்கு நேரடி பதில். ஒரு சுற்றறிக்கையின் தரத்தை இதைக் கொண்டுதான் எடை போட வேண்டும் என்பேன்.

மறுநாள், ஏப்ரல் 22, அட்லாண்டாவில் சி.டி.சி.யின் அவசரகால மையம் செயல்பட ஆரம்பித்தது. ஏப்ரல் 25-ல் உலகச் சுகாதார நிறுவனம் இதைச் சர்வதேச அவசரநிலை என்றது. இதற்கிடையில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு பள்ளிச் செவிலியர், தன் அறைக்கு மாணவர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலோடு வருவதைக் கண்டு நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். அமெரிக்காவின் மறுகரையில் நோய் பரவியிருப்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. லேப் இல்லை, கருவி இல்லை. “இன்றைக்கு என்னமோ சரியில்லை” என்று உணர்ந்த ஒரு மனசு மட்டும்தான். அந்தச் செவிலியரை நினைத்தால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

டாக்டர்களுக்குச் செய்தி போகும் குழாய்கள் பல. அவற்றில் ஒன்று சி.டி.சி.யின் சுகாதார எச்சரிக்கை வலைப்பின்னல். அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் தலையில் ஒரு முத்திரை இருக்கும். மிக முக்கியம், உடனே செயல்படுங்கள் என்றால் ஒரு முத்திரை. முக்கியம்தான், உடனடி நடவடிக்கை தேவைப்படாமலும் போகலாம் என்றால் இன்னொன்று. முன்பு சொன்னதில் புதிய விவரம் சேர்ந்திருக்கிறது என்றால் வேறொன்று. வெறும் தகவல் என்றால் நான்காவது. காத்திருப்போர் நாற்காலி நிரம்பி, வாசலிலும் ஆள் நிற்கும் கிளினிக்கில், எதை இப்போதே படிக்க வேண்டும், எதை ராத்திரி படிக்கலாம் என்று டாக்டருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு கரிசனம் பாருங்கள்! 2001-ல் தபாலில் ஆந்த்ராக்ஸ் பொடி வந்து நாடே கலங்கிய சமயத்தில், டாக்டர்களோடு நேரடியாகப் பேச ஒரு தொலைபேசி வழியையும் உண்டாக்கியிருந்தார்கள். நிபுணர்கள் ஒரு முனையில், நாடு முழுக்க டாக்டர்கள் மறுமுனையில், கேள்வி பதில். 2009-ல் அந்த வழியும் ஓயாமல் இயங்கியது.

இனி கோடைக்கு வருவோம். ஃப்ளூ அங்கே குளிர்கால நோய். மே மாத நடுவில் அடங்கிவிடும். கண்காணிப்பும் கொஞ்சம் கண் அயரும். அந்த வருடம் ஜூனிலும் ஜூலையிலும் கோடை முகாம்களில் பிள்ளைகள் ஃப்ளூவில் படுத்தார்கள். ஜூன் 11-ல் உலகச் சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்றே அறிவித்தது. அறிவுரைகளோ ஆற்றுவெள்ளமாக வந்தன, அடிக்கடி மாறின.

மே தொடக்கத்தில், நோய் கண்ட பள்ளிகளை 14 நாள் வரை மூடலாம் என்றது சி.டி.சி. மே 5 அன்று, வேண்டாம், மூடத் தேவையில்லை என்றது. நோய் பயந்த அளவுக்குக் கொடியதாக இல்லை, அதற்குள் பரவியும் விட்டது என்று தெரிந்துகொண்டதால் வந்த மாற்றம். அன்று பலர் முணுமுணுத்திருப்பார்கள். எனக்கென்னவோ, ஒரு அரசு நிறுவனம் சில நாளில் தன் சொல்லைத் திருத்திக்கொண்டு, காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னது அந்தக் கோடையின் பெரிய வீரச்செயலாகவே படுகிறது.

மே 22-ல் வந்த அறிக்கை இன்னும் சுவையானது. வேறு வேலைகளுக்காக எடுத்து உறைநிலையில் பத்திரப்படுத்தியிருந்த பழைய ரத்த மாதிரிகளை வெளியே எடுத்துப் புதிய கிருமியோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பு ஒன்றுமே இல்லை. 18 முதல் 64 வயதினரில் 6 முதல் 9 சதவீதம் பேரிடம் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 33 சதவீதம் பேரிடம் இருந்தது! பல பத்தாண்டுகளுக்கு முன்னால், சின்ன வயதில் சந்தித்த ஏதோ ஒரு ஃப்ளூவை அவர்களின் ரத்தம் மறக்கவில்லை. ஃப்ளூ என்றாலே முதியவர்களைத் தேடிப் பதறும் டாக்டருக்கு, இந்தமுறை பிள்ளைகளையும் இளைஞர்களையும் கவனி என்று சொல்ல அடிப்படை கிடைத்துவிட்டது.

ஜூலை 24. தனித்தனியாக நோயாளிகளை எண்ணிச் சொல்வதை நிறுத்திக்கொண்டது சி.டி.சி. அன்றைய கணக்கு 43,771. அதற்கு ஒரு மாதம் முன்பே, நாட்டில் குறைந்தது பத்து லட்சம் பேருக்கு வந்திருக்கும் என்று அதே மையம் மதிப்பிட்டிருந்தது. பரிசோதித்து உறுதியானவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் டாக்டருக்குப் பிரயோஜனமில்லை, மக்களும் ஏமாந்துபோவார்கள் என்பதால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, போக்கைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

போக்கை யார் பார்த்துச் சொல்வது? இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! நாடெங்கும் சுமார் 2,400 டாக்டர்களும் கிளினிக்குகளும் தாங்களாகவே முன்வந்து வாராவாரம் இரண்டு எண்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் பார்த்த நோயாளிகள் மொத்தம் எத்தனை பேர்? அதில் ஃப்ளூ போன்ற நோயோடு வந்தவர்கள், வயதுவாரியாக, எத்தனை பேர்? ‘ஃப்ளூ போன்ற’ என்பதற்கும் அப்போது கறாரான வரையறை இருந்தது. காய்ச்சல் 100 டிகிரி அல்லது அதற்கு மேல், கூடவே இருமலோ தொண்டை வலியோ, வேறு காரணம் எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. ஞாயிறு தொடங்கிச் சனி வரை ஒரு வாரம். எல்லா எண்களும் அட்லாண்டாவில் கூடி, மறு வெள்ளிக்கிழமை தேசத்தின் ஃப்ளூ வரைபடமாகத் திரும்பி வரும். நாள் முழுக்க நோயாளி பார்த்து அலுத்த டாக்டர், விளக்கை அணைக்கும் முன்னால் உட்கார்ந்து எழுதிய அந்த இரண்டு எண்கள்தான், அடுத்த வாரம் அவருக்கே வரும் அறிவுரையின் அஸ்திவாரம். அறிவுரை மேலிருந்து கீழே வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கீழிருந்து மேலே போய்த்தான் திரும்பி வருகிறது.

குடும்ப டாக்டர்களின் கையை நேரடியாகப் பிடித்துத் திருப்பிய செய்தி எது என்று கேட்டால், ஆகஸ்ட் 7 அறிக்கையைச் சொல்வேன். கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் முடிவு சொல்லும் துரித ஃப்ளூ சோதனைகள் அப்போது புழக்கத்தில் இருந்தன. கோடு விழுந்தால் ஃப்ளூ, விழாவிட்டால் இல்லை. எவ்வளவு வசதி! அந்தச் சோதனைகளில் மூன்றை எடுத்து, ஏற்கெனவே பி.சி.ஆர். மூலம் உறுதியான மாதிரிகளை வைத்து சி.டி.சி. சோதித்துப் பார்த்தது. மொத்தத்தில் அவை கண்டுபிடித்தது 40 முதல் 69 சதவீதம் வரைதான். நோய் உள்ள பத்துப் பேரில் மூன்று பேர் தொடங்கி ஆறு பேர் வரை ‘இல்லை’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போகக்கூடும்.

இதை ஒரு கிளினிக்கில் வைத்துப் பாருங்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் காய்ச்சலும் இருமலுமாக உட்கார்ந்திருக்கிறார். பட்டையில் கோடு விழவில்லை. அவருக்கு நிம்மதி, கூட வந்தவருக்கு நிம்மதி. அறிக்கையைப் படிக்காத டாக்டருக்கும் நிம்மதி. படித்த டாக்டர் மட்டும் நிம்மதி அடைய மாட்டார். கோடு விழாததை நம்பி மருந்தை நிறுத்தி வைக்காதே, அறிகுறியைப் பார், ஆளைப் பார், ஆபத்துக் குழுவில் இருந்தால் ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையைத் தாமதமின்றி ஆரம்பி என்பதுதான் அவருக்கு வந்த செய்தி. அதற்குச் சில நாள் முன்புதான், ஜூலை 29-ல், ‘லான்செட்’ இதழில் சி.டி.சி. ஆய்வாளர்களின் கட்டுரை வந்திருந்தது. இந்தக் காய்ச்சலால் கர்ப்பிணிகள் மருத்துவமனையில் சேரும் வீதம் மற்றவர்களைப் போல நான்கு மடங்கு. இறந்த ஆறு கர்ப்பிணிகளைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று டாக்டரும் தயங்குவார், வீட்டுக்காரர்களும் தயங்குவார்கள். மிக இயல்பான தயக்கம். அந்தத் தயக்கத்தை உடைக்க ஆறு பெண்களின் வரலாற்றை ஒருவர் வரி வரியாகத் தொகுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரை எண்ணிப் பார்க்காமல் இந்த அறிக்கையை என்னால் கடந்து போக முடியவில்லை.

அதே ஜூலை 29-ல் அமெரிக்காவின் தடுப்பூசி நிபுணர் குழு கூடி, ஊசி வந்ததும் யாருக்கு முதலில் என்று வரிசை போட்டது. கர்ப்பிணிகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பராமரிப்பவர்களும், மருத்துவப் பணியாளர்களும், 24 வயது வரையிலான இளையவர்களும், இணைநோய் உள்ள பெரியவர்களும் கூடவே. 65-ஐக் கடந்தவர்கள் அந்த முதல் பட்டியலில் இல்லை. மே மாத ரத்த ஆய்வு ஞாபகம் இருக்கிறதல்லவா? ஆகஸ்டிலேயே இன்னொரு மாற்றமும் வந்தது. ஏழு நாள் வீட்டில் இரு என்பது போய், மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனால் வெளியே வரலாம் என்றானது. லீவு கடிதத்துக்காகக் காத்திருந்த எத்தனையோ பேருக்கு அது பெரிய செய்தி.

நம் நாட்டுக்கும் இந்தக் கோடை வந்தது. மே மாதம் ஹைதராபாத்தில் முதல் நோயாளி. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் ஒரு மாணவியின் மரணம், நாட்டின் முதல் பன்றிக் காய்ச்சல் சாவு. பரிசோதனை மையங்களின் வாசலில் முகக்கவசக் கூட்டம் அலைமோதியது. அந்த வருடம் மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர்களுக்கு வகுத்துக் கொடுத்த ஏ, பி, சி பிரிவுகள் இருக்கின்றனவே, அவை ஒரு ரத்தினம்! லேசான காய்ச்சல் இருமல் என்றால் ‘ஏ’. பரிசோதனை வேண்டாம், ஃப்ளூ மாத்திரை வேண்டாம், வீட்டில் இருக்கச் சொல்லி ஓரிரு நாளில் மறுபடி பார். காய்ச்சல் கடுமை, அல்லது ஆள் ஆபத்துக் குழு என்றால் ‘பி’. தேவைக்கேற்ப மாத்திரை, பரிசோதனைக்காகக் காத்திருக்காதே. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம் என்றால் ‘சி’. உடனே சேர், உடனே மருந்து, பரிசோதனையும் செய். பி.சி.ஆர். வசதி எட்டாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர், கண்ணையும் காதையும் ஸ்டெதஸ்கோப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியும். பின்னர் வந்த பன்றிக் காய்ச்சல் பருவங்களிலும் இதே பிரிவுகள் கைகொடுத்தன. நீளமான வழிகாட்டி நூல்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. இவ்வளவு பேருக்கு இவ்வளவு சுருக்கமாக உதவியது குறைவு.

அமெரிக்காவின் அந்த இரண்டு எண்களைப் போல நமக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 2004-ல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் ‘எஸ்’, ‘பி’, ‘எல்’ என்று மூன்று படிவங்கள். ஊரில் வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர் நிரப்புவது ஒன்று, நோயாளியைப் பார்த்த டாக்டர் நிரப்புவது ஒன்று, லேப் நிரப்புவது ஒன்று. இன்றைக்கு இவை கணினியில் ஏறுகின்றன. உங்கள் தாலுகாவில் இந்த வாரம் எத்தனை காய்ச்சல், எத்தனை வயிற்றுப்போக்கு என்று யாருக்கோ தெரிகிறதென்றால், அதற்கு அந்தப் படிவங்கள்தான் காரணம்.

2009 ஏப்ரல் தொடங்கி ஓராண்டில், அமெரிக்காவில் மட்டும் இந்தக் காய்ச்சல் ஏறக்குறைய 6 கோடி பேரைத் தொட்டது, சுமார் 12,500 உயிர்களைக் கொண்டுபோனது என்று சி.டி.சி. பின்னர் மதிப்பிட்டது. 2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தெருமுனைக் கிளினிக்குக்கோ போகும்போது, எத்தனை நாளாகக் காய்ச்சல், எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். சரியான தேதியைச் சொல்லுங்கள், சரியான முகவரியைக் கொடுங்கள். குச்சியில் சளி எடுக்க வேண்டும் என்றால் மூக்கைக் காட்டுங்கள். போன வாரம் ஒன்று சொன்ன டாக்டர் இந்த வாரம் வேறொன்று சொன்னால், ஏன் மாறியது என்று அவரிடமே கேளுங்கள். சொல்ல அவரிடம் நல்ல காரணம் இருக்கும்.